சீட்டு ஒட்டாத டப்பாவும் மீரான் பாயின் ஜிலேபியும்

எக்ஸ்எம்எல் கோப்புகளை ஒரு கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கி இன்னொரு கம்ப்யூட்டரிடம் கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எது கெட்டுப்போனாலும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகச் சேர்ந்து நடுவில் நிற்பவரைத் திட்டும்.

நடுவில் நிற்பவள் நான். பெயர் கோமதி. தாராவியில் பிறந்து, செம்பூரில் குடியிருந்து, தினமும் வாஷியில் ரயில் மாறி, ஐரோலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் போய் உட்காருகிறேன். ரத்தப் பரிசோதனை லேப்களின் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளை எங்கள் கம்பெனி விற்கிறது. கல்யாண வீடுகளில் இதை விளக்கினால், "ஓ, கூரியரா?" என்பார்கள். முதலில் மறுத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன்.

இதே தொழிலில் கண் எரிந்துகொண்டிருக்கும் சகபாவிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். தப்பித்தவர்களுக்காகச் சில வரிகள். உங்கள் சமையலறையில் இருக்கும் மாவு டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்; எக்ஸ்எம்எல் கோப்பு என்பது அப்படிப்பட்ட டப்பாக்களின் வரிசை. டப்பாவுக்குள் இருப்பது விவரம். டப்பாவின் மேல் 'அரிசி மாவு' என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்குப் பெயர் ஆட்ரிபியூட். எந்த டப்பாவுக்கு எந்தச் சீட்டு கட்டாயம், எந்தச் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீட்டில் என்னென்ன எழுதலாம் என்று யாரோ போட்டு வைத்த சட்டத்துக்குப் பெயர் ஸ்கீமா. அந்தச் சட்டப்படி வரிசையாக டப்பாக்களைச் சோதித்து, சரி என்றால் பச்சை டிக், தப்பு என்றால் சிவப்புக் கோடு போடுகிறவர் பார்சர். அவர் சீட்டைப் பார்ப்பார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க மாட்டார். அது அவர் வேலை கிடையாது. என் வேலையும் கிடையாது என்றுதான் எட்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மீட்டிங், ஒரு சட்னிக் கிண்ணம்

நான் சேர்ந்த முதல் மாதம்தான் எங்கள் ஸ்கீமா எழுதப்பட்டது. எழுதியவர் வெங்கி சார். மாட்டுங்காக்காரர்; பாலக்காட்டுப் பூர்விகம். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். அவர் பேனாவால் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

ரத்தத்தில் சர்க்கரை நூற்றுப்பத்து என்றால், அந்த நூற்றுப்பத்து டப்பாவுக்குள் போகும். சரி. நூற்றுப்பத்து என்ன? மில்லிகிராமா, வேறு ஏதாவதா? அந்த யூனிட்டை டப்பாவின் மேல் சீட்டாக ஒட்டுவதா, அதற்கென்று தனியாக ஒரு டப்பா வைப்பதா? இதற்கு ஆறு மீட்டிங் நடந்தது. இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி மற்றதோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவதை நிறுத்தியது. கடைசியில் சீட்டுக் கட்சி ஜெயித்தது. அந்தச் சந்தோஷத்தில் சமோசா வரவழைத்தார்கள்.

சமோசாவைக் கடித்துக்கொண்டே யாரோ, "சீட்டு ஒட்ட மறந்துட்டா?" என்று கேட்டார்கள். யூனிட் சீட்டு கட்டாயமில்லை, ஒட்டாமல் விட்டால் பார்சரே அதை மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளட்டும் என்று வெங்கி சார் ஒரு வரி சேர்த்தார். எங்கள் பாஷையில் இதற்கு டிஃபால்ட் என்று பெயர். ஆறு மீட்டிங்கில் பேசாத அந்த விஷயம், சட்னிக் கிண்ணம் மேசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. வேறு யூனிட்டில் அளக்கிற லேப் வந்தால் என்ன செய்வது என்று புதுப் பெண்ணான நான் கேட்டேன். வெங்கி சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பம்பாயில எந்த லேப்காரன் வேற யூனிட்ல சுகர் பாக்கறான் கோமதி? எழுதாம விட்டா மில்லிகிராம்தான்னு பச்சைக் கொழந்தைக்கும் தெரியுமாக்கும்."

என்.ஏ. குடும்பம்

இப்போது ஜமீலா அக்காவைச் சொல்ல வேண்டும். செம்பூரைத் தாண்டி, நம் தமிழ் ஆட்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் இரண்டு அறையில் லேப் வைத்திருக்கிறார். மேலப்பாளையத்துக் குடும்பம். பல வருஷம் பெரிய லேப்களில் சம்பளத்துக்கு ஊசி குத்திவிட்டு, சொந்தமாக ஆரம்பித்தவர். செம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவருடைய லேப்பை மூன்று மாதப் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது. தேறினால் ஆஸ்பத்திரிப் பட்டியலில் நிரந்தர இடம். தேறாவிட்டால் லேப்பைச் சாத்திவிட்டு மறுபடி யாரிடமாவது ஊசி குத்தப் போக வேண்டியதுதான். இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். நானும், கவலைப்படாதீங்க அக்கா, எங்க சாஃப்ட்வேர் இருக்கு என்று சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் வாரம் அவர் அனுப்பிய எல்லாக் கோப்பும் சிவப்பு. காரணம், சர்நேம் என்ற சீட்டு எங்கள் ஸ்கீமாவில் கட்டாயம். குறைந்தது இரண்டு எழுத்து. இந்த ஊரில் இரண்டு தலைமுறையாக இருந்தும் நம் ஆட்களுக்குச் சர்நேம் முளைக்கவில்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு திரிகிறோம். லேப்பில் பதிவு செய்யும் ரெஹானா முதலில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். சிவப்பு. ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். சிவப்பு. பிறகு, படிவங்களில் பொருந்தாத இடத்தில் எல்லோரும் போடுகிற என்.ஏ. என்பதைப் போட்டாள். பச்சை! அன்றிலிருந்து சீத்தா கேம்ப்பில் ரத்தம் கொடுத்த எல்லோரும் ஒரே வம்சமாகிவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிப் பதிவறையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, மிகவும் அக்கறையாக இந்தியில் கேட்டாள்.

"மேடம், உங்க சீத்தா கேம்ப்ல இந்த என்.ஏ. ஃபேமிலி ரொம்பப் பெருசு போல இருக்கே, எல்லாருக்கும் சுகர் வேற இருக்கு, யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேசக்கூடாதா?"

மேத்தாவும் மேத்தாவும்

ஜமீலா அக்காவின் லேப்புக்குப் பேஷண்டுகளை அனுப்பும் டாக்டர்களில் மேத்தா சகோதரர்கள் இருவர். கிளினிக்கின் பெயர்ப் பலகையில் இரண்டு மேத்தாவுக்கும் நடுவே '&' என்ற குறி இருக்கும். சீட்டுக்குள் அந்தக் குறியை அப்படியே எழுதினால் பார்சருக்கு வலிப்பு வந்துவிடும். அதை வேறு விதமாக மாற்றி எழுதி அனுப்ப வேண்டும். மாற்றி எழுத வேண்டியது என் புரோகிராம். ஆனால், எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நம் புரோகிராமில் ஒரு வரியைத் திருத்துவதற்கு முன்னால், கஸ்டமர் தன் வாழ்க்கையைத் திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம்.

பெரிய மேத்தாவுக்குப் போன் போட்டேன். கிளினிக் பெயரின் நடுவில் இருக்கும் அந்தக் குறியை மட்டும் எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று பணிவாகச் சொன்னேன்.

"அம்மா, எங்க அப்பா போனப்பகூட நானும் தம்பியும் பிரியல, உங்க கம்ப்யூட்டருக்காகவா பிரியணும்?"

பச்சை டிக்

இரண்டாவது மாதம் ஜமீலா அக்கா ஒரு மெஷின் வாங்கினார். வளைகுடாப் பக்கம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியது, இரண்டு மூன்று கை மாறி வந்து சேர்ந்தது. நல்ல மெஷின். ஒரே ஒரு விசேஷம்: அந்த ஊர்களில் சுகரை மில்லிமோல் என்ற யூனிட்டில் பார்ப்பார்கள். பதினெட்டால் பெருக்கினால்தான் நம்மூர் மில்லிகிராம் வரும். நமக்கு நூறு என்றால் அதற்கு ஐந்தரை. ரிப்போர்ட் பேப்பரில் எண்ணுக்குப் பக்கத்திலேயே யூனிட்டைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும். கோப்பில் மட்டும் யூனிட் இடத்தைக் காலியாக விட்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை அதை இணைப்பதற்காக நானே நேரில் போனேன். முதல் கோப்பு சிவப்பு. காரணம் பார்த்தால், யூனிட் சீட்டு ஒட்டியிருக்கிறது, ஆனால் சீட்டில் எதுவும் எழுதவில்லை. வெற்றுச் சீட்டை எங்கள் ஸ்கீமா ஏற்றுக்கொள்ளாது. சீட்டே இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளும். இந்த இடத்தில் கெட்டிக்காரர்களான நாம் என்ன செய்வோம்? அதையேதான் நானும் செய்தேன். சீட்டு காலியாக இருந்தால் அதை ஒட்டவே ஒட்டாதே என்று என் புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். நான்கு நிமிஷம் ஆயிற்று. பச்சை டிக் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று ரெஹானா வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜமீலா அக்கா பிரியாணி பரிமாறினார். பரிமாறிக்கொண்டே, மெஷின் அச்சடித்த பேப்பரை எடுத்து யூனிட்டின் மேல் விரலை வைத்து, "இது உள்ள போவுமாம்மா?" என்று கேட்டார். கேட்டார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. நான் எலும்பைக் கடித்துக்கொண்டே, "எல்லாம் போயிரும்க்கா, அதான் பச்சை வந்துட்டே" என்று சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி போட்டார்.

"பச்சை வந்துட்டுன்னா சரிதான். படிச்ச புள்ள நீ சொல்லுத, எங்களுக்கு என்னம்மா தெரியும்."

ஆஸ்பத்திரி சொன்ன ஜிலேபி

திங்கட்கிழமை காலை புது மெஷினில் பதினோரு பேருக்குச் சுகர் பார்த்தார்கள். பதினோரு கோப்பும் பச்சையாகப் போய்ச் சேர்ந்தன. சீட்டு இல்லாததால், வெங்கி சார் எட்டு வருஷத்துக்கு முன் உத்தரவு போட்டபடி எங்கள் பார்சர் எல்லாவற்றிலும் மில்லிகிராம் என்று தன் கையால் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. சுகர் ஐந்து மில்லிகிராம், ஏழு மில்லிகிராம், ஒன்பது மில்லிகிராம். இந்த அளவில் ஒரு மனிதருக்கு நினைவு தப்பியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் திரையின்படி அன்று காலை சீத்தா கேம்ப்பில் பதினோரு பேர் மயங்கிக் கிடந்தார்கள். அந்தப் பதினோரு பேரும் ரத்தம் கொடுத்த கையைத் தேய்த்துக்கொண்டே நடந்து வேலைக்குப் போயிருந்தார்கள்.

திரை சிவப்பானதும் ஆஸ்பத்திரியின் போன் பிரிவு, எழுதி வைத்திருப்பதைப் படிக்க ஆரம்பித்தது: "உடனே இனிப்பு சாப்பிடுங்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள், ஆம்புலன்ஸ் வருகிறது." பத்துப் பேர், எவனோ ஓ.டி.பி. கேட்கப்போகிறான் என்று போனை வைத்துவிட்டார்கள். நம் மக்களின் சந்தேகப் புத்தி பத்து உயிரைக் காப்பாற்றியது. பதினோராவது ஆள் மீரான் பாய். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பல வருஷமாகச் சுகர். அவருடைய உண்மையான அளவு பதினாலு புள்ளி இரண்டு மில்லிமோல். நம் கணக்கில் இருநூற்று ஐம்பத்தாறு. திரையில் இருந்தது பதினாலு மில்லிகிராம். போன் வந்தபோது அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றார். எதிரே மிட்டாய்க் கடை.

நூறு கிராம் ஜிலேபி சாப்பிட்டார். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானதால் உயிருக்குப் பயந்து இன்னொரு நூறு கிராம் சாப்பிட்டார். பிறகு நிஜமாகவே தலை சுற்றியது. அவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். வேறு ஒருவராக இருந்திருந்தால் நான் இதைத் துணுக்காக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சுகர் பேஷண்ட் இப்படியா ஜிலேபியைத் தின்பது என்று நர்ஸ் சத்தம் போட்டபோது, மீரான் பாய் மிகுந்த மனவருத்தத்தோடு சொன்னாராம்.

"பன்னெண்டு வருசமா வாயக் கட்டிக்கிட்டு கெடக்கேன். ஆஸ்பத்திரியில இருந்தே போன் போட்டு இனிப்புத் தின்னுன்னு சொல்லுதாங்க, வேண்டாம்னு சொல்ல எனக்கு என்னம்மா பைத்தியமா?"

ஏற்கெனவே நிரப்பிய படிவம்

ஆஸ்பத்திரி ஜமீலா அக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லேப்பின் அளவுகள் ஆபத்தான முறையில் தவறாக உள்ளன. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் லேப் நீக்கப்படும். அதுவரை பேஷண்ட் கிடையாது. நோட்டீஸின் நகல் எங்கள் ஆபீஸுக்கும் வந்தது. என் மேனேஜர் நீலேஷ் அதற்கு ஒரு டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, திறந்து என் தலையில் கட்டினார்.

நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். யூனிட் சீட்டு இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதிய நேரமும் என் பெயரும் அதன் பக்கத்திலேயே இருந்தன. எங்கள் மென்பொருளில் ஆள் பெயரைப் பதிவு செய்யும் சீட்டு மட்டும் எப்போதும் கட்டாயம். நீலேஷிடம் போய், தப்பு லேப்பினுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். டிக்கெட்டை மூடும் படிவத்தைத் திரையில் காட்டினார். 'காரணம்' என்ற இடத்தில் 'கஸ்டமர் அனுப்பிய தகவலில் பிழை' என்று ஏற்கெனவே இருந்தது. நாமாக மாற்றாவிட்டால் அப்படியே போய்விடும். அந்தக் கட்டத்தை யாரும் மாற்றி நான் பார்த்ததே இல்லை. நானும் எத்தனையோ முறை மாற்றாமல் மூடியிருக்கிறேன்.

"அரே கோமதி, நீ பொய் எதுவும் எழுத வேண்டாம், எதுவுமே எழுத வேண்டாம், சப்மிட் மட்டும் அழுத்து, மத்ததை ஃபார்மே பார்த்துக்கும்."

விரல் வைத்த இடம்

அழுத்தவில்லை. அழுத்தாமல் இருந்ததும் தைரியத்தால் இல்லை; எதையும் முடிவு செய்ய முடியாமல்தான். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு சீத்தா கேம்ப்புக்குப் போனேன். லேப்பில் ஒரு பேஷண்ட் கூட இல்லை. ரெஹானா காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தாள். ஜமீலா அக்கா அந்தப் பதினோரு பேப்பரையும் மேசையில் பரப்பி, மெஷினைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் கையிலோ மெஷினிலோ என்ன தப்பு என்று இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார். தன் ரத்தத்தையே நான்கு தரம் எடுத்துப் பார்த்திருக்கிறார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் சரியாகத்தான் அளந்திருக்கிறது, யூனிட்டை வழியில் தொலைத்தது நான்தான் என்று சொன்னேன். வெற்றுச் சீட்டு, டிஃபால்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் ஒரு பேப்பரை எடுத்து, சனிக்கிழமை விரல் வைத்த அதே இடத்தில் விரலை வைத்தார்.

"நான் அன்னைக்கே கேட்டேம்லா கோமதி, இது உள்ள போவுமான்னு?"

யார் எழுதினது?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மீட்டிங். 'டேட்டா மிஸ்மேட்ச்' என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று நீலேஷ் சொல்லி அனுப்பியிருந்தார். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கினால், பிளாட்பாரத்தில் வெங்கி சார் இரண்டு பேனாவோடு நிற்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "வழி தெரியாம போயிடுவியோன்னு வந்தேன்" என்றார். நான் பதினைந்து வருஷமாகச் செம்பூரில் குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் ஒரு மராத்தி அம்மாள். எதிரே ஜமீலா அக்கா, மடியில் பதினோரு பேப்பர். நான் எழுந்து, லேப் கொடுத்த அளவு சரி, யூனிட் சீட்டைக் கழற்றியது என் புரோகிராம், சோதிக்காமல் பச்சை டிக்கை நம்பி ஒப்புதல் கொடுத்தது நான் என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் கொடுத்தேன். அந்த அம்மாள் கடிதத்தை நிதானமாகப் படித்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் வேறு ஒன்று கேட்டார். இந்த லேப் யூனிட் எழுதவில்லை, சரி. மற்ற லேப்களிலிருந்து வருகிற ரிப்போர்ட்டில் எல்லாம் யூனிட் இருக்கிறதே, அதை அந்தந்த லேப்பே எழுதியதா, இல்லை, உங்கள் கம்ப்யூட்டர் எழுதியதா?

அந்தக் கேள்வியை எட்டு வருஷத்தில் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. பதில் வெங்கி சாருக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக எழுந்தார்.

"பாதிக்கு மேல லேப் எழுதினதில்லை டாக்டர், நான் எழுதினது, எட்டு வருஷம் முன்னாடி, சமோசா சாப்ட்டுண்டே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி."

சிவப்புச் செவ்வாய்

அடுத்த செவ்வாய்க்கிழமை வெங்கி சார் தன் கையாலேயே அந்த வரியை எடுத்துவிட்டு, யூனிட் சீட்டைக் கட்டாயமாக்கினார். காலை ஒன்பது மணிக்குத் திரை முழுக்கச் சிவப்பு. முக்கால்வாசி லேப்கள் யூனிட் என்று ஒன்றை எழுதியதே இல்லை. என் போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியவில்லை. வடாலாவிலிருந்து ஒரு லேப்காரர், "எட்டு வருஷமா எழுதாம நல்லாத்தானே போச்சு மேடம், எதுக்கு இப்ப சும்மா லஃப்டா?" என்று சண்டைக்கு வந்தார். அவர் அளந்ததெல்லாம் மில்லிகிராம்தான். மற்றவர்களும் அப்படியே. ஒவ்வொரு லேப்பாகக் கேட்டு உறுதிசெய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. தப்பித்தோம். நாங்கள் தப்பித்ததில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதை வெங்கி சார் ஒரு முழு வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை திரையில் முதலில் வந்த பச்சை சீத்தா கேம்ப்பினுடையது. மெஷினுக்குள் ஏதோ ஒரு மூலையில், யூனிட்டையும் கோப்பில் எழுது என்ற ஒரு கட்டம் இருந்தது. அதை டிக் செய்தால் போதும். நான் அந்தச் சனிக்கிழமையே தேடியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பிரியாணி கொஞ்சம் ஆறியிருக்கும். ஆஸ்பத்திரி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. மூன்று மாதப் பரீட்சை முடிந்து ஜமீலா அக்காவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. மீரான் பாய் அவரிடமேதான் இன்னும் ரத்தம் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, போன் வருமா என்று ஒரு தரம் ஆசையாகக் கேட்டுவிட்டுத்தான் போகிறாராம்.

எனக்கு அந்த வருஷ மதிப்பீட்டில், 'முறையான நடைமுறையைப் பின்பற்றவில்லை' என்று நீலேஷ் எழுதினார். படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் அவரே தட்டச்சு செய்திருந்தார். பரவாயில்லை. போன மாதம் சீத்தா கேம்ப்பில் இன்னொரு மெஷின் வந்தது. ரெஹானா கோப்பை அனுப்பினாள். ஐரோலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன், பச்சை டிக். அதைச் சொல்லலாம் என்று போனை எடுப்பதற்குள் ஜமீலா அக்காவே கூப்பிட்டுவிட்டார்.

"பச்சை வந்துட்டும்மா, எனக்கும் தெரியுது, அது கெடக்கட்டும், நீ ஒரு தடவ உள்ள தொறந்து பாத்துட்டுச் சொல்லு, நான் போன வைக்காம இருக்கேன்."

நாம் வாயைத் திறக்காவிட்டால் எங்கள் ஆபீஸ் நமக்காகத் தானே ஒரு பதிலை எழுதிக்கொள்ளும் என்பதையும், அந்தப் பதில் எப்போதும் 'தப்பு கஸ்டமருடையது' என்பதையும் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷமும் மீரான் பாயின் இருநூறு கிராம் ஜிலேபியும் ஆகியிருக்கிறது.